பக்கத்தில் நிற்பவளின் பெயர்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாராவது கண்டுபிடித்துத் தெருவில் வைத்து என் மானத்தை வாங்குவதைவிட இது மேல். சொன்னவர் ஹாஜிரா டீச்சர். குன்னூரில் எங்கள் தெருக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். நானோ அருவங்காட்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு கதை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் இருவரும் பேருந்து நிலையத்தில் நின்றோம். ஊட்டி பஸ் வருகிற வழியாகக் காணோம். சட்டையில் பளபளவென்று பேட்ஜ் குத்திய கல்லூரிப் பிள்ளைகள் சிலர் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். ஏதோ தலைமைப் பண்பு மன்றமாம். என் வாய் சும்மா இருக்குமா?

“கிளப்பு கிளப்பாச் சேர்ந்து இதுக என்னத்தக் கிழிக்கப் போகுதுங்க?” என்றேன்.

டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “ஏனுங்க, தெரியாத விசயத்துல எதுக்கு வாயக் குடுக்கறீங்க? நாங்க சேரப் போன கதைய மொதல்ல கேளுங்க” என்று ஆரம்பித்தார். பஸ் வருவதற்குள் சொல்லி முடித்தும்விட்டார். எழுத உட்கார்ந்த எனக்கு ஒரு மழைக்காலம் போய் அடுத்தது வந்துவிட்டது, இன்னும் முடிந்தபாடில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: நீலகிரியின் மூடுபனி ஒரு வெள்ளைப் போர்வையைப் போல—

அடித்துவிட்டேன். மலையைப் பற்றி எழுத வருகிறவன் எல்லாம் இந்தப் போர்வையைத்தான் போர்த்திக்கொள்கிறான். தவிரவும், இந்தக் கதையில் பனிக்கு ஒரு வேலை இருக்கிறது. அது வரும்போது வரட்டும்.

பிறகு: வேணி என்கிற ஏழைப் பெண்—

இதை அடிக்க வைத்தவர் டீச்சர். காகிதத்தை வாங்கிப் படித்தவர் முகத்தைச் சுளித்தார். “ஏழையா? அவ ஏழைன்னு உங்ககிட்ட யாருங்க சொன்னா? அவங்கம்மா தேயிலத் தோட்டத்துல கொழுந்தெடுத்து அவளப் படிக்க வெச்சாங்க. அத ஏழைத்தனம்னு அவ காதுல விழற மாதிரி சொல்லிப் பாருங்க, தெரியும்.”

சரி, ஏழை வேண்டாம். இப்போது இருக்கிற தொடக்கம் கீழே வருகிறது. இதிலும் டீச்சர் ஒரு குறை சொல்கிறார். ஆனால் எனக்குப் பிடித்திருப்பதால் விட்டுவிட்டேன்.

2

வேணி பொய் சொல்லவில்லை. அவளுடைய அம்மாதான் அவசரப்பட்டுவிட்டாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோத்தகிரிச் சாலையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஊட்டிக்கு வந்து, விடுதியில் தங்கி, கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தாள் வேணி. அவளுடைய அம்மா அஞ்சலை அந்தத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். இலங்கையில் கண்டிப் பக்கம் பிறந்து, கப்பலேறி மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து இந்த மலைக்கு வந்தவள். அந்தத் தோட்டத்தில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான். அதனால் வரிசை வீடுகளை லயம் என்பார்கள். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் எடுத்து வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்பார்கள்.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போன வேணி, அடுப்புக்கு முன்னால் குந்திக் கையைச் சூடு காட்டிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள். “காலேஜுல லீடர்ஷிப் கிளப்புன்னு ஒண்ணு இருக்கும்மா. பேர் குடுத்திருக்கேன். சேர்ந்தவங்களுக்கெல்லாம் நீலக் கலர்ல ஒரு பேட்ஜ் தருவாங்க. அவ்வளவு அழகா இருக்கும்.”

அவ்வளவுதான் சொன்னாள். அஞ்சலை காதில் விழுந்ததும் அவ்வளவுதான். ஆனால் அவள் பிறந்ததிலிருந்து கண்டது பெரட்டு. பெரட்டில் பேர் கொடுத்துவிட்டால் அன்றைக்கு வேலை உண்டு; பேர் கொடுத்தவளை யாரும் தேர்வு வைத்துத் திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே மகள் சேர்ந்துவிட்டாள் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

திங்கட்கிழமைப் பெரட்டில் பக்கத்து வீட்டு மரகதத்திடம் சொன்னாள். மரகதத்திடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் தோட்டத்து மணியை அடிப்பதும் ஒன்றுதான். மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை வேணி போய் இறங்கியபோது லயத்தில் சர்க்கரைப் பொங்கல் வாசனை. “வாங்க லீடரம்மா!” என்று ஆளாளுக்கு வரவேற்றார்கள். யாரோ ஒருத்தி வணக்கமே வைத்தாள்.

“பேட்ஜு எங்கடி?” என்றாள் அஞ்சலை.

வேணி வாயில் போட்ட பொங்கலை அவசரமாக விழுங்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்குமுன் அவள் பார்த்ததில்லை.

“அடுத்த வாரந்தாம்மா” என்றாள். தேர்வு அடுத்த வெள்ளிக்கிழமை. அதனால் இதுவும் பொய்யில்லை.

“அப்ப வர்ற சனிக்கிழமை குத்திக்கிட்டே வா. லயமே பாக்கணும்.”

3

வேணிக்கு அந்தக் கிளப்பில் சேர ஆசை வந்தது ஏன்?

இந்த இடத்தில் நான் பெரிய காரணமாக ஒன்று வைத்திருந்தேன். கலெக்டராக வேண்டும், தோட்டத்துக்கு ரோடு போட வேண்டும், இத்யாதி. ஒரு பக்கம் எழுதியும் வைத்தேன், நன்றாகவே வந்திருந்தது. டீச்சர் சிரித்தார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பேட்ஜ் போட்டவங்க காலேஜ் வராண்டாவுல நடுவுல நடப்பாங்க. எதிர்ல ஆள் வந்தா நாங்கதான் சுவரோரம் ஒதுங்குவோம். ‘அந்த நடுவுல ஒருநாள் நடக்கணும் ஹாஜிரா’ன்னு சொன்னா வேணி. அவ்வளவுதான்.”

முதலில் எனக்கு இது அற்பமாகப் பட்டது. இரண்டு நாள் கழித்து, நான் எழுதியிருந்த கலெக்டர்தான் அற்பமாகப் பட்டார். கிழித்துப் போட்டேன்.

(கதைக்குள் இருக்கிற ஹாஜிராவை ‘அவள்’ என்றுதான் எழுதப் போகிறேன். டீச்சர் மன்னிக்க வேண்டும். அப்போது அவருக்கு வேணியின் வயதுதான். குன்னூர் மார்க்கெட்டில் கம்பளிக் கடை வைத்திருந்தவரின் மகள். அவளும் அதே கிளப்புக்குப் பேர் கொடுத்திருந்தாள். கடைக் கண்ணாடி முன்னால் நின்று, “நான் ஹாஜிரா! நான் பிறவித் தலைவி!” என்று ஒரு வாரம் முழுக்க ஒத்திகை பார்த்திருக்கிறாள். இந்த வரியை எடுக்கச் சொன்னார், நான் எடுக்கவில்லை.)

4

தேர்வுக்குப் போவதற்குமுன் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பின்னால் வைத்தால் திருப்பம் என்று பாராட்டுவீர்கள். எனக்கு அந்தப் பாராட்டு வேண்டாம். உங்களை ஏமாற்றி வாங்குகிற கைதட்டல் எத்தனை நாளைக்கு?

கொழுந்தெடுப்பவர்கள் ஆளுக்கொரு நெரை பிடித்து, வரிசையாக ஒரே பக்கமாக நகர்வார்கள். நெரை என்பது செடிகளின் ஒரு வரிசை. திடீரென்று பனி இறங்கிவிட்டால் பக்கத்து நெரைக்காரி தெரியமாட்டாள். காட்டெருமை வந்து நின்றால்கூடத் தெரியாது. அப்போது வரிசையின் முதல் ஆள் தன் வலப்பக்கத்துக்காரியின் பெயரைச் சொல்லிக் கூவுவாள். அவள் “ஓய்!” என்று பதில் கொடுத்துவிட்டுத் தனக்கு வலப்பக்கம் இருப்பவளைக் கூவுவாள். இப்படியே போகும். கடைசிக்காரிக்கு அந்தப் பக்கம் ஆளில்லை. அவள் திரும்பி, ஆரம்பித்தவளின் பெயரைக் கூவுவாள். ஆரம்பித்தவள் “ஓய்!” சொல்லிவிட்டால் எல்லாரும் பத்திரம், கை மறுபடி கொழுந்துக்குப் போகும்.

தன் பெயரைத் தானே கூவுவது கிடையாது. கூவினால் என்ன என்று கல்லூரிக் காலத்தில் ஹாஜிரா கேட்டிருக்கிறாள். வேணி அவளை விநோதமாகப் பார்த்தாளாம். “நான் இருக்கேன்னு எனக்குத்தான் தெரியுமே. பக்கத்துல இருக்கிறவ இருக்காளான்னுதானே தெரியணும்?”

இந்த வழக்கத்துக்கு என்ன பெயர் என்று டீச்சரிடம் கேட்டேன். கதைக்கு அழகான தலைப்பு கிடைக்கும் என்கிற பேராசைதான் காரணம். பெயரே கிடையாதாம். ‘கூப்புடுறது’ என்பார்களாம். சப்பென்று போய்விட்டது.

5

வெள்ளிக்கிழமை காலை, கல்லூரி மைதானம். கிளப்பின் தலைவன் ஹரிதாஸ், மூன்றாமாண்டு. கெட்டவன் இல்லை. (முதல் பிரதியில் கெட்டவனாக எழுதியிருந்தேன், மீசைகூட வைத்தேன். டீச்சர் மீசையை எடுக்க வைத்தார். மீசை போனதும் அவனுடைய கெட்டதனமும் எப்படியோ போய்விட்டது.) அவனிடம் ஒரு விதி இருந்தது. அவனே யோசித்துக் கண்டுபிடித்தது என்பதால் அதன்மேல் அவனுக்குக் கொள்ளைப் பிரியம். முதலாண்டு மாணவர்கள் மைதானத்தின் இந்தக் கோடியில் வரிசையாக நிற்க வேண்டும். கிளப்புக்காரர்கள் அந்தக் கோடியில் நிற்பார்கள். ஒவ்வொருவராகத் தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அந்தக் கோடிக்குக் கேட்டால் ‘ஓகே’ என்று குரல் வரும், ஆள் அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளலாம். கேட்காவிட்டால் ஆள் அவுட்.

“தன் பேரையே சத்தமாச் சொல்லத் தெரியாதவன் எப்படித் தலைவன் ஆவான்?” என்று இந்தக் கோடியில் நின்று விளக்கம் வேறு கொடுத்துவிட்டு, நடுமைதானத்துக்குப் போய் நின்றுகொண்டான்.

வரிசையின் கடைசிப் பக்கம் வேணி. அவளுக்கு வலப்பக்கம் ஹாஜிரா. அதற்கும் அப்பால் பர்லியார்க்காரன் ஆறுக்குட்டி. கடைசியாக உஷா.

இடக்கோடியில் ஆரம்பித்தது. ஒவ்வொரு பெயராகப் போனது, ஒவ்வொரு ஓகேயாக வந்தது. பாதியில் பனி இறங்கிவிட்டது. முதலில் அந்தக் கோடி போனது, பிறகு ஹரிதாஸ் போனான், அப்புறம் எதிரே இருந்த கற்பூர மரங்களும் போய்விட்டன. “கேக்கல! அடுத்த ஆள்!” என்று குரல் மட்டும் வந்தது. அவுட் ஆனவர்கள் வரிசையை விட்டு ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

வேணி மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேணி. வேணி. கத்திச் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? அம்மா, பேட்ஜ், நாளைக்குச் சனிக்கிழமை. ஈரம் கன்னத்தில் வந்து ஒட்டியது. கண்ணுக்கு முன்னால் வெள்ளை. இடப்பக்கம் நின்றவர்கள் எல்லாரும் போயாயிற்று. வலப்பக்கத்தில் ஒருத்தி மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. பள்ளிக்கூட விடுமுறைக்கெல்லாம் அம்மாவோடு நெரை பிடித்த உடம்பு அது. யோசிப்பதற்குள் வாய் திறந்துவிட்டது.

“ஹாஜிராஆஆ!”

மைதானமே அதிர்ந்தது. அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது அவளுக்குப் புதிதில்லை, மற்றவர்களுக்குத்தான் புதிது.

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. “ஹாஜிரா ஓகே!”

6

இங்கே கொஞ்சம் நிற்போம். ஹாஜிராவின் நிலைமையைப் பாருங்கள். வாயே திறக்காமல் பாஸாகிவிட்டாள். பேட்ஜ் கைக்கு வந்த மாதிரிதான். யாருக்கும் எதுவும் தெரியாது.

இதற்கப்புறம் என்ன நடந்தது என்று டீச்சர் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, நானே ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். ஹாஜிரா சும்மா இருந்துவிடுகிறாள். வேணி அவுட். மறுநாள் கிளப்புக்காரர்கள் மலையேறப் போகிறார்கள், பனியில் வழி தவறுகிறது, ஒரு காட்டெருமை வருகிறது, எங்கிருந்தோ வேணி வந்து ஒவ்வொரு பெயராகக் கூவி எல்லாரையும் காப்பாற்றுகிறாள், ஹரிதாஸ் கண் கலங்கித் தன் பேட்ஜையே கழற்றி—

டீச்சர் படித்துவிட்டுக் காகிதத்தை மேசையில் வைத்தார்.

“எரும எங்கிருந்துங்க வந்துச்சு?”

“கதைக்குத் தேவைப்பட்டுச்சுங்க.”

“ஓட்டிட்டுப் போங்க அத. அப்பறம், நான் சும்மா இருந்தேன்னு எழுதியிருக்கீங்களே, அத வாசிக்கறப்ப எனக்கு ஒடம்பெல்லாம் எரியுதுங்க. அப்படி இருந்திருந்தா, உங்ககிட்ட இதச் சொல்லியே இருக்க மாட்டேன்.”

எருமையை ஓட்டிவிட்டேன். நல்ல எருமை. மனசு கேட்கவில்லை.

7

நடந்தது இதுதான்.

“அண்ணா, நானில்லீங்க!” என்று ஹாஜிரா பனியைப் பார்த்துக் கத்தினாள். “கூப்பிட்டது நானில்ல! இவ கூப்பிட்டா!”

சிரிப்பு. ஹரிதாஸ் பனியைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றான். “என்னம்மா, உம்பேரு ஹாஜிராவா?”

“இல்லீங்க. வேணி.”

“பின்ன எதுக்கு அவ பேரக் கத்துன?”

வேணி அழுதாள் என்று எழுதியிருந்தேன். டீச்சர் பேனாவை வாங்கி அவரே அடித்தார். அழவில்லையாம். முகம் சிவந்துபோய், ஆனால் ஒரு அடிகூடப் பின்னால் வைக்காமல் சொன்னாளாம். “எங்க தோட்டத்துல பனியில நின்னா பக்கத்து ஆளு பேரத்தாங்க கூப்பிடுவோம், அவங்க ஓய்னு பதில் குடுப்பாங்க. பழக்கத்துல வந்துருச்சு. ஆனா தப்புன்னு எனக்குத் தோணல.”

ஹரிதாஸ் யோசித்தான். யோசித்தான் என்பது முக்கியம். பிறகு அவன் விதி அவனை இழுத்துப் பிடித்தது. “இங்க அவங்கவங்க பேர அவங்கவங்கதாம்மா சொல்லணும். ரூலுன்னா ரூலு. நீ போலாம்.”

வேணி திரும்பி நடந்தாள். மைதானத்தின் வாசல் பக்கம் பனி அவளை மூடிக்கொண்டது. நடக்கும்போது அவள் நினைத்தது பேட்ஜை அல்ல, அந்தப் பொங்கலை. ஒரு பானைப் பொங்கல், லயம் முழுக்கச் சாப்பிட்டது. மரகதத்தின் முகத்தில் அம்மா இனி எப்படி முழிப்பாள்?

“அடுத்து நீ. உம்பேரச் சொல்லு” என்றான் ஹரிதாஸ்.

ஹாஜிரா முன்னால் வந்தாள். ஒரு வாரம் ஒத்திகை பார்த்த வரி நாக்கு நுனியில் தயாராக நின்றது. அவள் வலப்பக்கம் திரும்பி, அந்தப் பையனிடம் கேட்டாள். “உம்பேரென்ன?”

“ஆறுக்குட்டி. எதுக்கு?”

“ஆறுக்குட்டீஈஈ!”

பனிக்கு அப்பாலிருந்து வந்தது: “ஆறுக்குட்டி ஓகே!”

“டேய், ஓகே இல்லடா!” என்று ஹரிதாஸ் அலறினான். அது அந்தக் கோடிக்குக் கேட்கவில்லை. தலைவனுடைய குரல் அவ்வளவுதான் போகும் என்று டீச்சர் இந்த இடத்தில் ஒரு போடு போட்டார்.

ஆறுக்குட்டி ஹாஜிராவை ஏறிட்டுப் பார்த்தான். “ஓய்” என்றான் மெதுவாக, யாருக்கும் கேட்காமல். பிறகு என்ன தோன்றியதோ, அவனும் வலப்பக்கம் திரும்பினான். “உஷாஆஆ!”

“உஷா ஓகே!”

உஷா வரிசையின் கடைசி. அவளுக்கு அந்தப் பக்கம் வெறும் பனி. தோட்டமும் தெரியாது, பெரட்டும் தெரியாது அவளுக்கு. ஊட்டி பஜாரில் வளர்ந்தவள். ஆனால் ஒரு காரியம் பாதியில் நிற்கிறது என்பது மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவளுக்குப் புரிந்தது. திரும்பி, வாசல் பக்கம் பார்த்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கூவினாள்.

“வேணீஈஈ!”

“வேணி ஓகே!” என்றது அந்தக் கோடி.

வாசலிலிருந்து, பனிக்குள்ளிருந்து, யோசிக்காமல், அடிவயிற்றிலிருந்து பதில் வந்தது.

“ஓஓய்!”

இந்தக் கதையை எத்தனை முறை திருத்தினாலும் இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. நான் அங்கே இல்லை, இவர்களில் ஒருத்தரும் எனக்கு உறவில்லை. இருந்தாலும் சொந்தப் பிள்ளை பரிசு வாங்கியதைப் போல இருக்கிறது. இதை வெட்டச் சொன்னால் வெட்டமாட்டேன்.

ஹரிதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்தக் கோடியில் நாலு பேருக்கும் ஓகே ஆகிவிட்டது. இந்தக் கோடியில் ஒருத்தரும் விதிப்படி நடக்கவில்லை. “போங்க, போங்க. திங்கக்கிழமை போர்டுல பேர் வரும். வந்தா வரும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

8

திங்கட்கிழமைக்கு முன்னால் சனிக்கிழமை வந்துவிடுகிறதே, அதுதான் சிக்கல்.

“இந்த வாரம் ஊட்டுக்குப் போகல. காய்ச்சல்னு சொல்லி அனுப்பிடறேன்” என்றாள் வேணி.

“பேட்ஜ் இல்லைன்னா என்ன? நாங்க வர்றோம்” என்றாள் ஹாஜிரா.

“நீங்க வந்து?”

“வந்து, பொங்கல் மிச்சமிருந்தாத் திங்கறோம்.”

ஆறுக்குட்டி தயங்கினான். “பொண்ணுக ஊட்டுக்கு நான் எப்படிங்க?”

“உம்பேரையும் கூப்பிட்டாச்சு. வா” என்றாள் உஷா.

மத்தியான பஸ்ஸில் கோத்தகிரிச் சாலையில் இறங்கினார்கள். சாலையிலிருந்து லயத்துக்குத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை மேலே ஏறுகிறது. பாதி ஏறுவதற்குள் பனி வந்துவிட்டது.

இவ்வளவு நேரம் வேணியின் தோளை ஒட்டியே நடந்து வந்தேன். இப்போது அவளை விட்டுவிட்டு மேலே ஓடி, அஞ்சலை பக்கத்தில் நிற்கப் போகிறேன். இலக்கணப்படி இது தப்பு என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். அங்கே நின்றால்தான் இது கேட்கும். (அஞ்சலை என்ன சொன்னாள் என்பது டீச்சருக்கு எப்படித் தெரியும்? அஞ்சலையே பிறகு வருஷக்கணக்காக, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னாள்.)

லயத்துக்கு முன்னால் பெண்கள் கூடியிருந்தார்கள், பேட்ஜ் பார்க்க. மரகதம் நல்ல சேலை கட்டியிருந்தாள். அஞ்சலை பானையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிரே பாதையும் தெரியவில்லை, செடியும் தெரியவில்லை.

கீழேயிருந்து வந்தது மகளின் குரல்.

“ஹாஜிராஆஆ!”

“ஓய்! ஆறுக்குட்டீஈஈ!” இது தெரியாத பெண்குரல். கொஞ்சம் கீழே, ஒரு பையனின் குரல்: “ஓய்! உஷாஆஆ!” அதற்கும் கீழே, மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு பெண்: “ஓய்! வேணீஈஈ!”

“ஓய்!” என்றாள் வேணி.

“யாருடி அதுக?” என்றாள் மரகதம். “நம்ம தோட்டத்துல அப்புடி யாரும் இல்லியே.”

இரண்டாவது சுற்று ஆரம்பித்தது. குரல்கள் இன்னும் கொஞ்சம் மேலே வந்திருந்தன. அஞ்சலை மரகதத்தின் கையைப் பிடித்தாள். “கேளுடி மரகதம். நல்லாக் கேளு. ஊட்டி காலேஜுப் புள்ளைகள நெரை கட்டிக் கூட்டியாரா எம்மக. ஒருத்தரையும் விடாமக் கூட்டியாரா.”

பனியிலிருந்து முதலில் வேணி வந்தாள். அவள் கை, தன்னையறியாமல் பேட்ஜ் இருக்க வேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டிருந்தது. பின்னாலேயே மற்ற மூவரும், காலெல்லாம் சேறாக, தலையெல்லாம் ஈரமாக.

“அம்மா, அந்த பேட்ஜு…” என்று வேணி ஆரம்பித்தாள்.

அஞ்சலை அவள் கையைப் பார்க்கவே இல்லை. பின்னால் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள்.

“இதுகதானா அந்தக் கிளப்பு?”

வேணி வாயைத் திறப்பதற்குள் ஹாஜிரா முந்திக்கொண்டாள்.

“ஆமாங்கம்மா. நாங்கதான்.”

9

“அது பொய்தானுங்களே?” என்று டீச்சரிடம் கேட்டேன். “நீங்க எங்க கிளப்புல சேர்ந்தீங்க? அப்ப போர்டுல பேர்கூட இன்னும் போடலியே?”

“நான் கணக்கு டீச்சருங்க. ஆளுகளக் கூட்டிப் பாருங்க. கிளப்பு வருதா இல்லியா?”

“சரி, திங்கக்கிழமை என்ன ஆச்சு? பேர் வந்துச்சா?”

“சொல்ல மாட்டேன்.”

“ஏனுங்க?”

“சொன்னா கதைய நீங்க திங்கக்கிழமையோட முடிச்சிருவீங்க. வந்துச்சுன்னா அந்தப் போர்டுக்குப் பெருமை. வரலைன்னா கதை அழுகையா முடியும். எனக்கு அது சனிக்கிழமையிலதான் முடிஞ்சுது.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார். “அந்தப் பொங்கல் மாதிரி நான் இன்னிக்கு வரைக்கும் தின்னதில்லீங்க. அத மட்டும் எழுதிக்குங்க.”

எழுதிவிட்டேன்.

ஆக, திங்கட்கிழமை என் கையில் இல்லை. உங்களிடம் தருகிறேன். போர்டில் நாலு பேரும் இருந்தார்கள், வேணி வராண்டாவின் நடுவில் நடந்தாள் என்று முடிக்கிறவர்கள் அப்படி முடித்துக்கொள்ளுங்கள். ஒரு பேரும் இல்லை, நாலு பேரும் பேட்ஜ் இல்லாமலே நடுவில் நடந்தார்கள் என்று முடிக்கிறவர்கள் அப்படியே செய்யலாம். நான் எழுதிப் பார்த்தேன். இரண்டிலுமே அவள் நடுவில்தான் நடக்கிறாள். சுவரோரம் நடக்க வைக்க என் பேனா ஒத்துக்கொள்ளவில்லை.

ஒன்றே ஒன்று. உஷாவுக்கு வலப்பக்கம் வெறும் பனி என்று எழுதினேன் அல்லவா? அங்கேதான் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். இதைப் படித்து முடித்துவிட்டுத் தலைமை அது இது என்று உங்களிடம் யாராவது வந்து, பேரைச் சத்தமாகச் சொல்லச் சொன்னால், அவசரப்பட்டு உங்கள் பேரைச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று முதலில் திரும்பிப் பாருங்கள். பேர் தெரியாவிட்டால் கேளுங்கள், ஹாஜிரா கேட்ட மாதிரி.

அப்புறம் கூப்பிடுங்கள். நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.